அருள் வரைந்த ஐந்து கால் மாடு

அம்மா, இந்தக் கடிதத்தை அப்பாவுக்குக்கூடக் காட்டாதீர்கள்.

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் அத்தையின் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவதால் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

தம்பி வரைந்த ஐந்து கால் மாட்டை மஞ்சள் துணியில் வெட்டித் தைத்து, தலையணை உறை அனுப்பினேன் அல்லவா? அந்தத் துணி வேஸ்ட் இல்லையாம். ஆணியில் தொங்கிய குழந்தைச் சட்டையைக் கழித்த பீஸ் என்று நினைத்து வெட்டிவிட்டேன். அது வெளிநாட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாம்பிள். அதோடு ஒத்துப் பார்த்துத்தான் மற்ற சட்டைகளை அனுப்புவார்களாம்.

செக்கிங் பார்க்கும் ஒடிசா சபிதா அக்காதான் தொலைத்துவிட்டதாக அத்தை நினைக்கிறார். "சனிக்கெழமைக்குள்ள அது வரோணும். இல்லீனா நீ ஊருக்குக் கெளம்பிக்கோ கண்ணு" என்று எல்லார் முன்னாலும் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்கா என்னிடம் வந்து, "நீ பாத்தியா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லீங்க்கா" என்றேன்.

அந்த உறையைத் தாராபுரம் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். அதைக் காட்டி அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு இங்கே தங்கிப் படிக்க விடுவாரா என்று தெரியவில்லை. அருள் அழுதால் வேறு உறை தைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். அவனை எனக்கும் ஒரு மாடு வரையச் சொல்லுங்கள். இந்த அறைச் சுவரில் ஒன்றுமே இல்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, நீ சாப்பிடல. சோறு கொண்டாந்தேன்."

சபிதா அக்கா. அம்மா, உறை தம்பியிடமே இருக்கட்டும். நான் இப்போதே அக்காவிடம் உண்மையை