சந்தனம் ஒட்டிய இசைத்தட்டு

27-1-64, திங்கள். கடலூர்.
பனி. அவர் விடியற்கால ரயிலில் சென்னைக்கு. ஆபீஸ் நேரம் போக நாடகத்தில் பாடுகிறவரை இசைத்தட்டுக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. கூடவே கித்தார் வாசிக்கும் ரத்தினம். கட்டிக் கொடுத்தது: எலுமிச்சை சாதம், அதிமதுரம், விபூதிப் பொட்டலம். என்ன பாட்டு என்று கேட்டேன். "தத்துவப் பாட்டு." முருகா, துணை.

29-1, புதன்.
வந்துவிட்டார். தொண்டை கட்டியிருக்கிறது. மூன்று தடவை பாடினாராம். முதலில் கித்தார்க் கம்பி அறுந்தது, அடுத்த தடவை இவருக்கு அழுகை வந்துவிட்டது. ரத்தினம்தான் சொன்னார். தத்துவத்துக்கு எதற்கு அழுகை?
மிளகாய்த்தூள் அரைக்க.

24-2, திங்கள்.
தட்டு தபாலில் வந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் செய்வதுபோல் சாமி முன் வைத்துச் சந்தனம், குங்குமம். நடுக் காகிதத்தில் அவர் பேர். மறைக்கக் கூடாதென்று சுற்றியுள்ள கறுப்பில் பொட்டு வைத்தேன். நம் வீட்டில் கிராமபோன் இல்லை.

26-2, புதன்.
ரேடியோ கடை ஒலிபெருக்கியில் பாட்டு. குடிகாரன் பாட்டு! பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள், புதுச்சேரிக்குப் போய்க் குடித்து அழுகிறான். அதற்குமேல் காதில் ஏறவில்லை.
எதிர்வீட்டு ஜெயா அக்கா: "ஏண்டி, உங்க வூட்டுக்காரரு பாண்டிக்கு எப்ப போனாரு? அனுபவிச்சில்ல பாடறாரு!"
சிரித்து வைத்தேன்.
போன வருஷம் குழந்தை தவறியதும், சொல்லாமல் சிதம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருந்தேன். அவர் வரவில்லை, கடிதமும் இல்லை. நானாகத் திரும்பினேன். இருவரும் அதைப் பேசியதே இல்லை. என்னைத்தான் பாடுகிறாரா? குடித்தாரா?
கேட்டுவிட்டேன். "ரத்தினம் எழுதின பாட்டு. எனக்கின்னா தெரியும்?" பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

28-2, வெள்ளி.
ரத்தினம் வந்தார். கேட்டேன். "நானா? எனக்கு லெட்டரே எழுத வராது தங்கச்சி. மச்சான் எழுதினதுதான்."
"குடிச்சாரா?"
"அவரா? சோடா குடிச்சி ஏப்பம் வரலன்னா டாக்டர்கிட்ட ஓடற ஆளு!"
அப்புறம் ஏன் குடிகாரன்? அந்த நாலு மாதக் கணக்கு நோட்டைப் பார்த்தேன். அவர் கையெழுத்தில் பால், பால், பால். வேறு ஒன்றும் வாங்கவில்லை. என்ன சாப்பிட்டார்?
ஒன்றும் புரியவில்லை. விளக்குக்குத் திரி போட மறந்தேன்.

1-3, ஞாயிறு. சிதம்பரம்.
அவரோடு நடராஜர் தரிசனம். கூட்டம் ஜாஸ்தி. பிறகு அண்ணன் வீடு. அங்கே கிராமபோன் உண்டு, நாங்கள் கொண்டுபோன தட்டைப் போட்டார்கள். பாதியில் ஊசி என் சந்தனத்தில் மாட்டிக்கொண்டது. "கதவத் தாழ் போடல... கதவத் தாழ் போடல..."
அண்ணன்: "யோவ் மாப்ள, எழுந்து போயி தாழ்ப்பாளப் போட்டுட்டு வாய்யா! கத்திக்கினே இருக்கு பாரு!"
எல்லோரும் சிரிப்பு. அவர் தரையைப் பார்த்தபடி.
போன தடவை இங்கிருந்து நான் கடலூர் திரும்பியபோது இன்னும் விடியவில்லை. தட்டலாமென்று கை வைத்ததும் கதவு திறந்துகொண்டது. முதல் பேச்சே சண்டை: "திருட்டு பயம் வேணாமா?" "மறந்துட்டேன்" என்றார்.
நாலு மாதமுமா?

2-3, திங்கள். கடலூர்.
வெயில். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் சந்தனம் போய்விடும் என்கிறார் ரேடியோ கடைக்காரர். துடைக்கவில்லை.
வாங்க: சீயக்காய், கற்பூரம், அவருக்குப் பிடித்த கருணைக்கிழங்கு.
ஆபீஸ் விடும் நேரம். பகலிலும் தாழ் போடுகிறவள் நான். இன்று சும்மா சாத்தி வைத்திருக்கிறேன்.