பாடத்துக்கு வைத்த கைநாட்டு

சோழபுரம்
14 ஆகஸ்டு 1935

செல்ல மகள் வேதமணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் இந்த மாதமும் எங்களைக் குறைவில்லாமல் நடத்தி வந்தார், அப்பாவின் இருமலும் நின்றுவிட்டது. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. அங்கே மழை விடாமல் பெய்வதாக எழுதியிருந்தாய், துணி காயவில்லை என்று ஈரத்தோடு உடுத்திக்கொள்ளாதே. பால்கோவா அனுப்பச் சொல்லியிருந்தாய், கப்பலேறி உன்னிடம் வந்து சேரும்போது அது எந்த நிறத்தில் இருக்குமோ, ஊருக்கு வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கி வேண்டியமட்டும் சாப்பிட்டுவிட்டு வா. அடுத்த மாதம் முதல் அங்குள்ள மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலை உனக்கு என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்த பிறகுதான் இதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றிற்று. இல்லாவிட்டால் எனக்குள்ளேயே வைத்திருப்பேன், என் சுபாவம் உனக்குத் தெரியும்.

போன கடிதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் சில பெரிய மனுஷர்கள் சேர்ந்து, நான் டீச்சராக இருக்கிற நம் மிஷன் பள்ளிக்கூடத்தின் பேரில் மனுப் போட்டிருப்பதை எழுதியிருந்தேன். சர்க்கார் கிராண்டை வாங்கிக்கொண்டு இந்துப் பிள்ளைகளை ரிஜிஸ்டரிலேயே கிறிஸ்தவர்களாக்குகிறோம் என்று அதில் கண்டிருந்தது. கூசாமல் சொன்ன பொய் என்று கோபமாக எழுதினேன். மகளே, அது பொய் இல்லை. ஐந்து நாளாகியும் என்னால் நம்ப முடியவில்லை. அது உண்மை, என் கையெழுத்திலேயே இருக்கிற உண்மை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மனு இருப்பதால் பெற்றோரும் வரவேண்டும் என்று முந்தின நாளே தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள், காட்டு வேலையை விட்டுவிட்டு முப்பது பேர் போல வந்து வராந்தாவில் நின்றார்கள். முதலில் சம்மதச் சீட்டுகளைக் கேட்டார். வீட்டாருக்கு விருப்பமில்லாத பிள்ளையை வேதபாடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது விதி, அதனால் சேர்க்கிற அன்றே சீட்டை வாசித்துக் காட்டி நாம் கைநாட்டு வாங்கி வைப்பது உனக்குத் தெரிந்ததுதான். ஒரு சீட்டும் குறையவில்லை, தலைமை வாத்தியார் வில்சன் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு இன்ஸ்பெக்டர் ஐந்தாம் வகுப்பு ரிஜிஸ்டரைத் திறந்து தாமே பேர் கூப்பிட்டார். தேவஇரக்கம் என்றார். நம் சுடலைமாடத்தி எழுந்து உள்ளேன் ஐயா என்றாள். பிள்ளை தப்பாக எழுந்துவிட்டது என்று நினைத்து, அவள் அப்பா இருளப்பசாமி வராந்தாவிலிருந்து, "ஏட்டி, உக்காரு, அவிய வேற யாரையோ கூப்பிடுதாக" என்றார். அவள் உட்காரவில்லை, என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, "அது நாந்தாம்ப்பா" என்றாள். பக்கத்தில் நின்ற பேச்சிமுத்து, "ஏலே இருளப்பா, ஒனக்குத் தெரியாம ஒம் மகளுக்கு எவம்லே பேரு வச்சான்" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். இருளப்பசாமி சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, நான் பாடத்துக்குத்தான கைநாட்டு வச்சேன், பேருக்கும் வச்சனா?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

அவளைச் சேர்த்த அன்று நீயும் அங்கே இருந்தாய். பேய்ப் பேர்களை ரிஜிஸ்டரில் ஏற்றாமல் நல்ல பேராக எழுதவேண்டும் என்பது வில்சன் சார் வைத்த வழக்கம். நான் என்ன எழுதலாம் என்று யோசிக்கும்போது, உன் மடியில் உட்கார்ந்து உன் வளையலை உருட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, தேவஇரக்கம் என்று எழுதுங்கள் அம்மா, இந்த முகத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்றாய். எழுதினேன். அவளைப் போல இன்னும் ஆறு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், வீட்டுக்கு ஒரு பேர் என்று பிள்ளைகளே பழகிக்கொண்டார்கள், நான்கு வருஷமாக எந்த வீட்டிலும் தெரியவில்லை. நான், கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசிக்கிறவள், மனச்சாட்சியின் சுதந்திரம் என்று உன் அப்பாவிடம் மணிக்கணக்காக வாதாடுகிறவள், சீட்டை வரி வரியாக வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கின அதே மேஜையில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். அவர்களைக் கேட்கவேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கருத்தம்மா என்னை வா என்று சொல்லவில்லை. முன்னே மூன்று பிள்ளைகள் தங்காமல் போன பிறகு, இது தங்கினால் உன் பேரையே வைக்கிறோம் என்று சுடலைமாடனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளையாம். "அந்தப் பேரச் சொல்லச் சொல்லத்தான் அவ உசிரு நிக்கும்னு நம்பிக் கெடக்கோம் தாயி, நீங்க நாலு வருசமா அதச் சொல்லவே இல்லியே" என்றாள். போன ஐப்பசியில் பிள்ளை காய்ச்சலாய்க் கிடந்தபோது நான் தலைமாட்டில் உட்கார்ந்து மனசுக்குள் ஜெபித்தது எந்தப் பேரைச் சொல்லி என்று நினைத்துப் பார்த்தேன், தேவஇரக்கம் என்றுதான். இருளப்பசாமி, "ஏசு கத கேட்டா புள்ள கெட்டா போவும், நல்ல கததான. பேரத் திருத்துங்க, எனக்கு எழுத்துத் தெரியாது, அவ வாசிச்சுச் சொல்லணும், நான் கேக்கணும். இல்லேன்னா நாளைக்கே களையெடுக்கப் போவட்டும்" என்றார். வேறு எந்தப் பள்ளிக்கூடமும் உள்ளே விடாத அந்தத் தெருவிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகப்போகிற முதல் பெண்பிள்ளை அவள்.

சனிக்கிழமை வில்சன் சாரிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார். இப்போது திருத்தினால் மனு உண்மை என்று நாமே ஒத்துக்கொண்டதாகும், கிராண்டு நின்றுபோகும், பள்ளிக்கூடமும் நின்றுபோகும் என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "தகப்பனார் கேட்டுக்கிட்டதனாலதான் எழுதினேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா, கர்த்தருடைய ஊழியத்துக்குத்தான" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளுக்காக வெயிலில் வீடு வீடாய் அலைந்தவர். அவர் வாயிலிருந்து இது இவ்வளவு சாதாரணமாக வந்ததுதான் எனக்கு இரண்டாவது அடி.

மிஷன் பள்ளிக்குச் சர்க்கார் பணம் எதற்கு என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது, இந்தத் தெருப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தது வேறு யார் என்று. அந்தப் பதில் இன்றும் பொய்யாகவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது சுடலைமாடத்தியைத் தம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார விடுவாரா? ஆனால் அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்தாலும் என் கையெழுத்து என் கையெழுத்துதான். இருளப்பசாமி வாங்குகிற உப்பிலும் வரி இருக்கிறது. அந்தச் சர்க்கார் கொடுப்பதில் சம்பளம் வாங்குகிற நான் அவர் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம், அவர் சம்மதித்தால் நம் வேதத்தையும் சொல்லலாம். அவருக்குத் தெரியாமல் அவளை வேறு ஆளாக எழுத நான் யார்?

நேற்றுக் காலை இருளப்பசாமியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிஜிஸ்டரில் தேவஇரக்கத்தைச் சிவப்பு மையால் அடித்து மேலே சுடலைமாடத்தி என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன். வில்சன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விரல் வைத்து ஒரே மூச்சில் வாசித்தாள். இருளப்பசாமி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். மற்ற ஆறு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி விளக்கம் எழுதி இன்று தபாலில் சேர்த்தாயிற்று, பள்ளிக்கூடம் இருக்குமோ, எனக்கு வேலை இருக்குமோ, தெரியாது. இதோடு மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்து, "டீச்சர், பரிசு வாங்குனது, பாட்டுப் படிச்சது எல்லாம் தேவஇரக்கம்தான? இனிமே அவ வரமாட்டாளா?" என்று கேட்டாள். அவள் சிலேட்டை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

பேரைச் சொன்னது நீ என்று வருந்தாதே, அப்போது நீ பதினைந்து வயதுப் பிள்ளை, எழுதினவள் நான். ஒன்றாம் வகுப்பில் நீ பேர் எழுதும்போது கூட வந்தவர்களை நிற்க வைத்து, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதி, வாசித்தும் காட்டு. நான் எழுதினதை மாப்பிள்ளையிடம் சொல்வது உன் இஷ்டம், இங்கே உன் அப்பாவைத் தவிர யாரிடமும் நான் பேசவில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையில் வருகிற பிள்ளைகளையும் காப்பாராக. வெந்நீரே குடி. இன்னும் ஒன்று, மறந்துவிடாதே. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் தேவஇரக்கத்துக்கு என் முத்தம் என்று எழுதுவாய், அவளும் உன் கடிதம் வந்ததென்றால் ஓடிவந்து அந்த வரியைத் தானே வாசிப்பாள். அடுத்த கடிதத்தில் சுடலைமாடத்திக்கு என்று எழுது, எழுத்துக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். என்னால் சொல்ல முடியாத பதிலை அவள் அதில் வாசித்துக்கொள்வாள்.

உன் வரிகளுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஞானரத்தினம்