கலப்பையைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு டீ

டீக்கடையைக் கண்டால் கால் நகராத என் மாப்ள பாண்டிக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. இப்போதும் கடை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், "மச்சான், மெஷின மூடு, கிளம்பு"ன்னு நீதான் வந்து நிற்கிறாயோ என்று தலை தானாக நிமிர்கிறது. விளாங்குடியில் அதே தையல் கடைதான். அதே மெஷின்தான். என்னைக் கிளப்பிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.

உனக்கு ஒரு சேதி சொல்லவேண்டும். உன் வீட்டுக்காரி செல்வி டிராக்டர் வாங்கிவிட்டாள்.

பழைய வண்டிதான். நீ இருந்தவரை ஊரான் வண்டியை ஓட்டினாய். அதனால் உங்கள் நிலத்துக்கும் உழவு நேரத்துக்கு நடந்தது. நீ போன பிறகு போன மழைக்கு அவள் ஒவ்வொரு வீட்டு வாசலாய் நின்றாள். "நாளைக்கு வாரேன்"னு சொன்ன ஒருத்தனும் வரவில்லை. ஈரம் காய்ந்து வயல் தரிசாய்ப் போயிற்று. இந்த வருசம் காதில் கழுத்தில் கிடந்த அம்புட்டையும் விற்றுவிட்டு என் கடைக்கு வந்து நின்றாள். "அண்ணே, வண்டி ஒண்ணு மேலூர் பக்கம் இருக்காம். நீங்கதான் வந்து பாக்கணும். அவுக வண்டி பாக்கப் போகயில எல்லாம் நீங்கதான கூடப் போனீக?"

போனேன்தான். எதற்குப் போனேன்? நீ வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவாய். நான் நிழல் தேடுவேன். எனக்குத் தெரிந்த இஞ்சின் காலால் மிதிக்கிற இஞ்சின். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை, மாப்ள. சரியென்று கிளம்பிவிட்டேன்.

மேலூர் வண்டி புதுப் பெயின்டில் கல்யாண மாப்பிள்ளை கணக்காய் நின்றது. செல்விக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம்கூடப் பையில் கொண்டுவந்திருந்தாள். நீ வயலில் வைத்துப் பழக்கிவிட்டாயே, ஏறி உட்கார்ந்து அவளே ஸ்டார்ட் பண்ணினாள். பின்னால் மாட்டியிருந்த கொக்கிக் கலப்பையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்கு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இனி நான் ஏதாவது செய்யவேண்டும். என்ன செய்ய?

நீ செய்வதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கலப்பையைத் தூக்கிய வாக்கில் விட்டுவிட்டு, இஞ்சினை நிறுத்திவிட்டு, "வா மச்சான், டீ அடிப்போம்"பாய். எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். ஏன்டா என்று கேட்டால், "டீ நல்லாருக்கா? அதச் சொல்லு"ன்னுவாய். அதையே நானும் சொன்னேன். "அப்படியே ஆஃப் பண்ணிட்டு இறங்குத்தா. டீ குடிச்சிட்டு வந்து பேசுவோம்."

விற்கிறவர் பதறினார். "கலப்பைய இறக்கி வச்சிருவோம்ணே. டீய இங்கயே வாங்கியாரச் சொல்றேன்."

"கடைல நின்னு குடிச்சாத்தான்ணே எனக்கு டீ" என்று அவரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். கடையில் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் கொக்கி அத்தனையும் மண்ணில் குத்திக் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. தானாகவே இறங்கியிருக்கிறது. தூக்கிப் பிடித்து நிறுத்த வண்டிக்குத் தெம்பில்லை. அட பாவி, இதற்காகவா ஊர் ஊராய் என்னை டீ குடிக்க வைத்தாய்?

"பழைய வண்டின்னா கொஞ்சம் இறங்கத்தாம்மா செய்யும்" என்றார் அவர். செல்வி விடவில்லை. "வரப்புல ஏறயில இப்படி இறங்குச்சுன்னா, வரப்ப நீங்க வந்து கட்டித் தருவீகளா?" பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் பையைத் திறந்து பணத்தைத் தொட்டுப் பார்த்தாள். போயிருக்கும் மாப்ள, இருந்தது எல்லாம் அந்தப் புதுப் பெயின்டுக்கே போயிருக்கும். அந்த எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டு எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டாள்.

பிறகு வாடிப்பட்டிப் பக்கம், உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டு வண்டி. பெயின்ட் உரிந்து, மட்கார்டு நெளிந்து, பார்க்கச் சகிக்காது. கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனோம். எனக்குப் பயம், ஆளுக்கு இன்னொரு டீ சொன்னேன். திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறது. செல்வி கீழே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள். ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. அப்படியே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நீ சொல்லிக்கொடுக்காமலே இந்த மரமண்டைக்குள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாயே, அதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்ல?

நேற்று அந்த வண்டியில் முதல் உழவு. என்னையும் வரச்சொல்லியிருந்தாள். நல்ல ஈரம். பாதி வயல் உழுதவள் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். "வாங்கண்ணே, டீ குடிச்சிட்டு வருவோம்."

"எதுக்குத்தா? இன்னுமா சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் இல்லண்ணே. இப்படி விட்டுட்டு நடந்தா, அவுகளும் கூட வர்ற மாதிரி இருக்கு."

நான் அவளோடு நடந்தேன்.

இனி இவள் உழவுக்கு யார் வாசலிலும் நிற்கமாட்டாள், மாப்ள. நான் இருக்கிறவரை, அவள் கூப்பிட்ட நேரத்தில் மெஷினை மூடிவிட்டு வந்து நிற்பேன். டீ நன்றாக இருக்கிறதா என்றுதானே கேட்பாய்? நேற்றுக் குடித்தது நன்றாகவே இருந்தது.

உன் செல்விக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
ராசு