ஒற்றைக் கைக்கு ஒரு மெஷின்

ஜூன் 23, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்து மாதிரி கோணலும் மாணலுமாக வருகிறது. எக்சர்சைஸ் சொல்லித்தர வரும் பெண் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள், ஒரு வரியானாலும் போதுமாம். சொன்னதைக் கேட்க வேண்டிய நிலைமை இப்போது எனக்கு. பி.டி. வாத்தியார் வெள்ளைத்துரை விசிலை வாயில் வைத்தால் மைதானமே நிற்கும். அந்த வெள்ளைத்துரைக்கு அதே மைதானத்தில் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துபோய், சட்டை மாட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

காலையில் ஜோதி வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்துகொண்டிருந்த இருளாயி, மகள் பிரசவத்துக்கென்று போனவள் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கீழே ரோட்டு வேலை. இந்த இரண்டாவது மாடி வரைக்கும் புழுதி ஏறி வருகிறது. கூட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு. ஒன்றுமில்லை, நீங்கள் இட்லியைச் சாப்பிடுங்கள் என்றாள். பிறகு எழுந்து மீதியையும் கூட்டிவிட்டு, கீழமாசி வீதி அரிசி மண்டிக்குக் கணக்கெழுதப் போனாள்.

நான் இட்லியைச் சாப்பிட்டேன். வேறென்ன கிழிக்க முடியும் என்னால்?

ஜூன் 25, புதன்

விரல் இன்றும் அசையவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

தம்பி சுருளி பேரையூரிலிருந்து வந்திருந்தான். கருவாடு, முருங்கைக்காய், கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தான். என்னை ஊருக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறானாம். அங்கே வீட்டில் எப்போதும் ஆள் இருக்குமாம். ஜோதி தலை நிமிராமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் போனில் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்று.

ஆடி மாசத்தில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கட்டிலையா கேட்பார்கள்?

நான் போக மாட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த இரண்டு அறையும், இவளும்தான் எனக்கு. அங்கே போனால் ஒரு மூலையில் போட்டுவிட்டு வேளாவேளைக்குச் சோறு வைப்பார்கள். நல்லவர்கள்தான், நன்றாகவே வைப்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. ஆவணிக்குள் இந்த வீட்டில் ஒரு வேலையாவது நான் செய்கிறேன் என்று காட்டிவிட வேண்டும். ஒரே ஒரு வேலை.

ஜூலை 2, புதன்

ஜோதி போன பிறகு விளக்குமாற்றை எடுத்துப் பார்த்தேன். குனிந்தால் தலை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கூட்டினேன். கைக்கு எட்டிய இடத்துக் குப்பையை எட்டாத இடத்துக்குத் தள்ளினேன், அவ்வளவுதான். சாயங்காலம் வந்தவள் பார்த்துவிட்டு, யாருங்க இப்படி இழுத்துவிட்டது என்றாள். காத்து என்றேன்.

ஜூலை 5, சனி

எதிர் வீட்டு ராதாமணி அம்மாவின் கதவு திறந்திருந்தது. கையில் நீளமாக ஒரு கம்பு, அடியில் பட்டையாக ஒரு வாய். தூசி உறிஞ்சும் மெஷின், வயர் கிடையாது. குனியாமல், நிமிர்ந்து நின்றுகொண்டே வீட்டை ஒரு சுற்று வந்துவிட்டார். மகன் வாங்கிக் கொடுத்ததாம். மூட்டு வலிக்கு இதுதான் சாமி என்றார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இடது கையால் பிடித்தேன். நகர்ந்தது!

சின்ன விஷயம்தான். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

பகல் பூராவும் போனில் இந்த மெஷின் வீடியோதான். தரையைக் காட்டச் சொன்னால் பேசுகிறவன் தன் மூஞ்சியையே காட்டிக்கொண்டிருக்கிறான். உறிஞ்சும் சக்தி, பேட்டரி, எடை என்று ஆளாளுக்கு ஒரு நம்பர். சிலதில் மோட்டார் மேலே, கைப்பக்கம் இருக்கிறது. கை கடுத்துப்போகும். சிலதில் கீழே இருக்கிறது, அது கட்டிலுக்கடியில் நுழையாது. மெஷினை மாட்டி வைக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டுமாம். ஒருவனாவது ஒற்றைக் கையோடு வந்து நிற்கிறானா என்று பார்த்தேன். உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு கை.

ஜூலை 13, ஞாயிறு

ஜோதியை நச்சரித்து பைபாஸ் ரோட்டுக் கடைக்கு ஆட்டோவில் போனோம். வாங்குவது அவள் இடுப்புக்காக என்று சொல்லிவைத்திருந்தேன். விற்கிற பெண் மீனா என்று பேட்ஜ் போட்டிருந்தாள். தரையில் ரவையைக் கொட்டி உறிஞ்சிக் காட்டினாள். ரவை எவன் வீட்டில் கொட்டிக்கிடக்கிறது? என்னிடம் கொடும்மா என்றேன். ஊன்றி நடக்கும் குச்சியை ஜோதியிடம் கொடுத்துவிட்டு, வரிசையாக நின்ற வாஷிங் மெஷின்களில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்.

முதலாவதில் விசையை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் இடது கையும் நடுங்க ஆரம்பித்தது. பாவம், எல்லா வேலையும் இப்போது அதன் தலையில். வேண்டாம் என்றேன். இரண்டாவதில் ஒரு தட்டு தட்டினால் தானே ஓடுகிறது, மறுபடி தட்டினால்தான் நிற்கிறது. ஆனால் குப்பை டப்பாவை ஒரு கையால் பிடித்து மறு கையால் திருகிக் கழற்ற வேண்டும். அதுவும் வேண்டாம். ஒற்றைக் கையால் குப்பையைக் கொட்ட எது தோது என்று கேட்டேன். அந்தப் பெண் முழித்தாள். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். வீட்டில் வேறு யாராவது கொட்டிக்கொள்ளலாமே சார் என்றாள்.

"கொட்டுறதுக்கு வேற ஆளு வேணும்னா கூட்டுறதுக்கு நான் எதுக்கும்மா?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. டி.வி. வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இது யாருக்காக வாங்குகிறோம் என்று ஜோதிக்கு அப்போதுதான் புரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் குச்சியின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. தட்டினால் ஓடும். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் டப்பாவின் அடி திறந்து குப்பை தானாக விழும். தரையிலேயே நிறுத்தி சார்ஜ் போடலாம். நினைத்ததற்கு மேல் செலவு. ஜோதி பேரம்கூடப் பேசவில்லை.

ஜூலை 19, சனி

முன்னறை, படுக்கையறை, அடுப்படி. நான் கூட்டினேன். நான்!

சாயங்காலம் வந்த ஜோதி செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு பூராவும் நடந்து பார்த்தாள். கால்ல ஒரு மண்ணு ஒட்டலீங்க என்றாள். நான் டி.வி. பார்க்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

சந்தோஷம் எனக்கு எப்போது நிலைத்தது? இன்று மெஷின் பாதியில் உறுமிவிட்டு நின்றது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சுழலும் உருளையில் ஜோதியின் முடி. இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு. அவ்வளவும் சுற்றி இறுகிக் கயிறாகக் கிடக்கிறது. கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டுமாம். உருளையை யார் பிடிப்பது? தொடைக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் மண்ணும் முடியும். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உட்கார்ந்து என் வாயைத் துடைத்துவிட்டு, உருளையை வாங்கி வெட்டி எடுத்தாள். இனிமே இத நான் வந்து பாத்துக்கிறேன் என்றாள். அதைத்தானே வேண்டாம் என்று இந்தப் பாடு படுகிறேன்.

செத்துப்போயிருக்கலாம், அன்றைக்கே, மைதானத்திலேயே.

ஜூலை 31, வியாழன்

பேரையூர்ப் பேச்சு இந்த வாரம் வரவில்லை. சுருளி போன் செய்தபோது ஜோதி, பாப்போம்டா தம்பி, இங்க இவரு வீடெல்லாம் கூட்டுறாரு என்றாள். அடுப்படியிலிருந்து சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாளோ என்னவோ. ஆடிக்காற்று தினமும் ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கொட்டட்டும். நானிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

விழுந்துவிட்டேன்.

எல்லாம் யோசித்தேன். விசையை யோசித்தேன், டப்பாவை யோசித்தேன், எடையை யோசித்தேன். இருக்கிற ஒரே கையில் மெஷினைப் பிடித்தால் குச்சியை எந்தக் கையால் பிடிப்பது என்று யோசித்தேனா? இல்லை. கடையில் வாஷிங் மெஷின் தாங்கியது. வீட்டில் இத்தனை நாளும் சுவர் தாங்கியிருக்கிறது. அறையின் நடுவில் தாங்கியது மெஷின். எனக்கே தெரியாமல் அதையே குச்சியாக ஊன்றிக்கொண்டு நடந்திருக்கிறேன். அதன் அடியில் சக்கரம், கழுத்தோ திருகுகிற கழுத்து. இன்று முழு பாரத்தையும் வைத்தேன், அது சோபாவுக்கடியில் ஓடிவிட்டது. நான் தரையில்.

போன் மேசை மேலே. கத்திப் பார்த்தேன். ராதாமணி அம்மா ஊரில் இல்லை. தட்டினால்தானே மெஷின் நிற்கும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. சார்ஜ் தீர்ந்து அது அடங்கிய பிறகு எனக்கும் கத்தத் தெம்பில்லை. சோபாவுக்கடியில் எவ்வளவு தூசி என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. கூட்டினேனாம் கூட்டு. வேட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். அப்படியே கிடந்தேன், ஜோதி வருகிற வரைக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எலும்பு முறிவு இல்லை. தோளில் கன்றிப்போயிருக்கிறது. ஜோதி இரண்டு நாளாக லீவு. இன்று என்னைக் குளிப்பாட்டும்போதுதான் சொன்னாள்.

"மண்டியில உக்காந்திருந்தாலும் கண்ணு பூராம் நம்ம வீட்டுக் கதவுலதாங்க இருக்கு. தெறக்கும்போது நீங்க எப்படிக் கெடப்பீங்களோன்னு. என்னால முடியலங்க. நெசமா முடியல."

அந்த மெஷினைத் தூக்கி மாடியிலிருந்து எறி என்று கத்தினேன். நான் என்ன குப்பையா, மாசம் பிறந்ததும் கொண்டுபோய்க் கொட்ட என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். தலை துவட்டிவிட்டு முடித்த பிறகு, சரி, பேரையூருக்குப் போறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அவளுக்கும் ஒரு உடம்புதானே இருக்கிறது. அதையும் நானே தின்றுவிடவா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேரையூரிலிருந்து எழுதுகிறேன். சுருளி கார் பிடித்துக்கொண்டு வந்தான். ஜோதி என் சட்டை, வேட்டி, மாத்திரை எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு வைத்திருந்தாள். கீழே வரவில்லை. வாசலிலேயே நின்று, சனிக்கிழம சாயங்காலம் வாரேங்க, ஞாயித்துக்கிழம பூராம் இருப்பேன் என்றாள். திருநீறு பூசிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிப்ட் வரத் தாமதம். எவனோ கீழே கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறான். நானும் சுருளியும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெஷின் ஓடுகிறது.

ஊருக்குக் கிளம்பிய ஆள் தெருவைத் தாண்டுவதற்குள் வீட்டைக் கூட்டுவார்களா? பிணத்தைத் தூக்கிப் போன வீட்டில்தான் பின்னாலேயே கூட்டிக் கழுவுவார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போட்டிக்குக் கிளம்பினால், அன்றைக்குப் பூராவும் விளக்குமாற்றைத் தொடாதவள் ஜோதி. அந்த ஜோதியா? நான் குச்சியை ஊன்றிக்கொண்டு கதவையே பார்த்தேன். சுருளிக்கும் கேட்டது. தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அது வெளக்குமாறு இல்லண்ணே," என்றான். "மெஷினுதான."

லிப்ட் வந்தது. ஏறிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு நாள் அதை நெஞ்சிலேயே வைத்திருந்தேன். இன்று போனில் கேட்டுவிட்டேன். நான் லிப்டுகிட்ட நிக்கையிலயே கூட்ட ஆரம்பிச்சிட்டியே ஜோதி, அம்புட்டு அவசரமா?

"கூட்டலங்க. அத ஓட விட்டுட்டு அடுப்படியில உக்காந்திருந்தேன். அழுதா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்ல. நீங்க கீழ போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

அப்புறம் மாத்திரை போட்டீங்களா என்றாள். போட்டேன் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுருளி மனைவி மாயக்காள் உள்ளேயிருந்து கூட்டிக்கொண்டே வந்தாள். என்னருகே வந்ததும், பழக்கதோஷத்தில், காலத் தூக்குங்க மாமா என்றாள். இடது காலைத் தூக்கினேன். வலது காலைத் தூக்கப் பார்த்தேன். அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பாவம், குனிந்த வாக்கிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு அந்தக் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகும் இடது காலை நான் இறக்கவில்லை.