தாழ்ப்பாள் சத்தம்

என்னங்க,

போன மாதம் லீவில் தொம்மலூர் வீட்டுக்கு வந்தபோது, யார் பார்க்க வந்தாலும் உங்கள் அப்பாவின் மூத்திரப் பையைத் தூக்கிக் கட்டில்மேல் போர்வைக்குள் ஒளித்து வைத்தீர்கள். நீங்கள் துபாய் திரும்பிய மறுநாளே அவருக்குக் குளிர்காய்ச்சல். "உனக்குக் கவனிக்கத் தெரியல" என்று போனில் கத்தினீர்கள்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் சௌம்யாதான் சொன்னாள்: "பை இடுப்புக்கு மேல போனா மூத்திரம் திரும்பி உள்ள போயிடும்க்கா. கீழேயே தொங்கட்டும்." பழைய சுங்குடிப் புடவையில் பைக்கு உறை தைத்துக் கட்டில் சட்டத்தில் மாட்டினேன். கை கழுவாமல் டியூபைத் தொட யாரையும் விடவில்லை, உங்கள் அக்காவையும்தான். காய்ச்சல் திரும்பவே இல்லை.

போகும்போதெல்லாம் டாக்டரிடம், "இந்த டியூப் இன்னும் வேணுமா சார்?" என்று கேட்டேன். இன்று, "வேண்டாம்மா, எடுத்துடலாம்" என்று எடுத்துவிட்டார்.

சாயங்காலம் மாமா எழுந்தார். பிடிக்கப் போனேன். "பேடம்மா, பிடிக்க வேணாம், நானே போறேன்" என்று என் கையை விலக்கிவிட்டுக் கழிவறைக்குள் போனார். ஆறு வாரத்துக்குப் பிறகு உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம். வெளியே நின்று கை தட்டினேன்.

இப்படிக்கு,
கவனிக்கத் தெரியாதவள்.