மருந்துக்குத் தப்பிய புல்

அக்கா,

உங்கள் மகள் கொண்டுவந்து வைத்த விதைநெல் மூட்டையை இன்று காலை அவிழ்த்தேன். வேப்பிலை வாசம் மூக்கில் ஏறியது. பூச்சி வராமல் நீங்கள் உங்கள் கையால் போட்ட இலை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒரு பிடி நெல்லைச் சுளகில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளறினேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், "என்னையுமா சந்தேகப்படுற?" என்று சிரித்திருப்பீர்கள். ஓம் அக்கா, உங்களையும்தான். நெல்லுக்கு நடுவே பொடிப்பொடியாய்க் கோழிச்சூடன் புல்லின் விதை கிடந்தது.

அக்கராயன் குளத்துத் தண்ணீரில் உங்கள் வயல் மேலே, என் வயல் கீழே. ஒவ்வொரு காலபோக விதைப்புக்கும் விதைநெல்லை மாற்றிக்கொள்வோம். நெல்லைப் போலவே நின்று நெல்லின் உரத்தைத் தின்னும் அந்தப் புல்லுக்கு இருவரும் ஒரே கடையில் வாங்கிய மருந்தைத்தான் அடித்தோம். முதலில் நன்றாகக் கருகியது. அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பச்சையாக நின்றதைப் பிடுங்க நான் குனிந்தால் வரம்பிலிருந்து சத்தம் போடுவீர்கள். "விடு தங்கச்சி. அவ்வளவு மருந்துக்கும் பொழச்சு நிக்குது. பொழச்சது இருந்துட்டுப் போகட்டும்."

தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து, போரில் இங்கிருந்தும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து கொட்டில் போட்டுக் குடியிருந்தவர் நீங்கள். அந்த வாயால் அதைச் சொன்னால் நான் எப்படிப் பிடுங்குவது?

பிறகு மருந்து வேலை செய்யவில்லை. கடைக்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். போத்தல் மூடியை முகர்ந்து பார்த்தேன். வேறு கடைக்கும் மாறினேன். நீங்களோ மருந்தின் அளவைக் கூட்டினீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒரு வேலை பார்த்தேன். மருந்தே படாத காட்டுக் குளக்கரையிலிருந்து ஓர் இளம் கோழிச்சூடனையும் என் வயலிலிருந்து இன்னொன்றையும் கொண்டுவந்து ஒரே வாளியில் நட்டு, அதே மருந்தை அடித்தேன். குளக்கரைப் புல் கருகிச் செத்தது. என் வயல் புல் ஒன்றும் நடக்காதது போல நின்றது.

வாளியோடு விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். சின்னப் பிள்ளைதான். "மருந்து சரியான மருந்துதான் அன்ரி. புல்லுத்தான் மாறீட்டுது," என்றாள். "ஒவ்வொரு போகமும் மருந்துக்குச் சாகிறது செத்துப்போகும். தப்பினது விதை போடும். அதின்ரை பிள்ளையளும் சாகாது. இப்ப உங்கட வயலிலை நிக்கிறது முழுக்க அந்த வமிசம்தான்."

"இவ்வளவு கெதியாவோ?"

"புல்லுக்கு ஒரு போகமே ஒரு தலைமுறை எல்லோ."

கடைக்காரர் மேலிருந்த சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று கோபம் வந்தது உங்கள் மேல்தான். நாங்கள் பாவம் பார்த்து விட்ட புல், நாங்கள் மாற்றிக்கொண்ட நெல்லோடு சேர்ந்து இரண்டு வயலையும் பிடித்துவிட்டது. சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் நெல்லை விதைக்கப் பயமாக இருந்தது. கொட்டவும் மனம் வரவில்லை. அவித்துவிட்டேன். அவித்தது எதுவும் முளைக்காது, சோறாக்கிச் சாப்பிடலாம். பானையை இறக்கிவிட்டு உங்கள் மகளிடம் ஓடினேன். அவள் வரம்பு கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மான்ரை நெல்லை விதைக்காதை பிள்ளை."

"நேற்றே விதைச்சிட்டன் அன்ரி. ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் இறுகியது. "அப்ப அம்மாவிலை பிழை எண்டுறியள்?"

"ஓம். என்னிலையும்."

அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்தாள். பிறகு, "முளைக்கட்டும். ஒண்டும் விடாமல் கையாலை பிடுங்கிறன்," என்றாள்.

நான் நம்பவில்லை அக்கா. அவள் உங்கள் பிள்ளை. ஒரு புல் பச்சையாகத் தனித்து நிற்பதைக் கண்டால் அவளுக்கும் மனம் இளகும். அவள் வயலைத் தாண்டித்தான் என் வயலுக்குத் தண்ணீர் வருகிறது, புல் விதையும் அதோடு வரும். அதனால் களை பிடுங்கும்போது அவளுக்குப் பக்கத்தில் நானும் இறங்குவேன். உதவிக்கு வந்தேன் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் கையையும் பார்த்துக்கொள்வேன், என் கையையும் பார்த்துக்கொள்வேன். உங்கள் இரக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்காரரைவிட, மருந்தைவிட, அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.