என் தம்பி ஒரு விவசாயி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன், பிறகு அதுதான் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் காயில் கம்பி எரிந்துவிட்டது. உன் மச்சான் முழங்கால் வலியோடு அதைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொண்டு போயிருக்கிறார். வெள்ளத்தில் மக்காச்சோளம் அழுகிப்போன கதைதான் உனக்குத் தெரியுமே. பக்கத்து வயல்காரருக்கு வெள்ள நிவாரணமும் வந்துவிட்டது, வருடா வருடம் தரும் மானியமும் வந்துவிட்டது. நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்க வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே சுவரில் பெரிய படம் ஒன்று. மண்வெட்டியும் கையுமாக ஒரு பெண் சிரிக்கிறாள். இந்த வேலை செய்கிற யாரும் அப்படிப் பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை, போகட்டும். அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, "நீங்க விவசாயி இல்லியேம்மா" என்கிறார் அதிகாரி. சேறு காயாத காலோடு நிற்கிறேன் தம்பி! கையை மேஜைமேல் விரித்துக் காட்டினேன். அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறாதாம். "நிலம் உங்க தம்பி பேர்ல இருக்கு. குத்தகைப் பத்திரமும் கிடையாது. அப்ப அவர்தாம்மா விவசாயி" என்றார்.

நீ விவசாயி! சின்ன வயதில் களையெடுக்க விட்டால் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் களையைக் காப்பாற்றியவன் நீ. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எவன் சொன்னான்? இந்த அலுவலகத்தில் அந்தச் சுரைக்காய் மட்டும்தான் வேகிறது.

குத்தகைக்கு ஒரு எழுத்து வைத்துக்கொள்வோம் என்று உன் மச்சான் அன்றைக்கே சொன்னார். கூடப்பிறந்தவனிடம் பத்திரமா, அப்புறம் எந்த முகத்தோடு அவனுக்குச் சோறு போடுவேன் என்று நான்தான் அவர்மேல் விழுந்து பிடுங்கினேன். இப்போது அவர் அதைச் சொல்லிக்கூடக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நான் எழுந்தபோதுதான் அந்த அதிகாரி மிச்சத்தைச் சொன்னார். "பணம் வருஷா வருஷம் உங்க தம்பி கணக்குக்குப் போகுதும்மா. வெள்ளப் பணமும் போயாச்சு. போன்ல விசாரிச்சோம். நானே உழுறேன்னார், என்ன பயிர், எவ்வளவு நஷ்டம், எல்லாம் கரெக்டா சொன்னாரே" என்றார்.

வெள்ளம் வடிந்த வாரம் நீ என்னைக் கூப்பிட்டாய். எந்தப் பக்கத்துப் பயிர் போனது, கதிர் முற்றிவிட்டதா, எத்தனை ஏக்கர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் தம்பி ஒருவனாவது கேட்டானே என்று, போனை வைத்துவிட்டு அழுதேன். அந்த அழுகையை நினைத்தால்தான் இன்றைக்கு வயிறு எரிகிறது. அந்தப் பணத்தில் மோட்டார் ஓடியிருக்கும், உரக்கடையில் கடன் சொல்லிக் கடைக்காரர் வாயில் விழாமல் இருந்திருப்போம். அது கிடக்கட்டும். அந்த விசாரிப்பாவது எனக்காக இருந்திருக்கக் கூடாதா?

விதையும் பயிர்க்கடனும் பதிவான விவசாயிக்குத்தானாம். நீ குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இந்தப் போகம் நான் விதைக்க முடியாது. அடுத்த வாரம் அதிகாரி வயலுக்கே வருகிறார். இங்கே உழுவது யார் என்று என்னிடம்தான் கேட்பார். நான்தான் என்றால் உன்மேல் வழக்கு வரும், உன் வேலைக்கும் ஆபத்து. நீதான் என்று சொல்ல எனக்கு நாக்கு புரளாது. அதற்குள் வந்துவிடு.

வரும்போது பிள்ளைகளையும் கூட்டி வா. அவர்கள் முன்னால் எதுவும் பேச மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும். அதை நான் மனதாரச் சொல்லும்படி நடந்துகொள்.

இப்படிக்கு,
உன் அக்கா